தொண்ணூற்றெட்டு மதிப்பெண்

“தொண்ணூத்தெட்டு!” என்று ஆசிரியர் அறை வாசலிலிருந்தே கூவினார் தலைமையாசிரியர் அருள்ராஜ். “நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு! மாவட்டத்துலயே நம்ம குர்ஷித் மேடம்தான் முதல்!”

எல்லோரும் கைதட்டினார்கள். ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை குர்ஷித் பேகம் மட்டும் கையிலிருந்த டீ டம்ளரை மெதுவாக மேஜைமேல் வைத்தார். வைக்காவிட்டால் கொட்டியிருக்கும்.

காரணம், அந்தத் தேர்வை அவர் எழுதவே இல்லை.

‘கற்பித்தல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்று ஓர் ஆன்லைன் பயிற்சி போன மாதம் எல்லா ஆசிரியர்கள் தலையிலும் வந்து விழுந்திருந்தது. மொத்தம் பன்னிரண்டு பகுதிகள். ஒவ்வொன்றிலும் முக்கால் மணி நேர வீடியோ. தள்ளிவிட்டுப் பார்க்க முடியாது. முழுதாக ஓடி முடிந்தால்தான் அடுத்தது திறக்கும். குர்ஷித் பேகத்தின் வீட்டிலோ அரையாண்டு விடைத்தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அவர் போனைக் கணவர் ஜியாவுல்லாவிடம் கொடுத்தார்.

“கடையில ஒரு ஓரமா ஓட விடுங்க. கடைசியில கேள்வி வரும். எதையாவது எழுதிப் போடுங்க. அம்பது வந்தா போதும்.”

ஜியாவுல்லா திருவூடல் தெருவில் தையல்கடை வைத்திருப்பவர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். இருபத்திரண்டு வருஷ இல்லற வாழ்க்கையில் மனைவி சொன்ன அளவைத் தாண்டி அவர் எதையும் செய்ததில்லை. முதல் தடவையாகத் தாண்டிவிட்டார். நாற்பத்தெட்டு மதிப்பெண் தாண்டிவிட்டார்.

“அடுத்த வியாழக்கிழமை மாதிரி வகுப்பு” என்றார் அருள்ராஜ். “அஞ்சு ஸ்கூல்லேர்ந்து டீச்சருங்க வராங்க. நம்ம ஸ்மார்ட் போர்டுல நீங்க பாடம் எடுக்கறீங்க, அவங்க பார்க்கறாங்க.”

ஸ்மார்ட் போர்டு பத்து மாதம் முன்பு வந்தது. ஏழாம் வகுப்புச் சுவரில் மாட்டி, தூசி படாமல் ஒரு போர்வையைப் போர்த்தியிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு யாரோ நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். அதன்பிறகு அதைத் தொடவே எல்லோருக்கும் ஒரு பயபக்தி வந்துவிட்டது.

மறுநாள் காலை குர்ஷித் பேகம் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

“சார், தொண்டை கட்டிக்கிச்சு. வியாழக்கிழமை பேச முடியுமான்னு தெரியலை.”

“பேசவே வேணாம் மேடம்!” அருள்ராஜ் மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். “உங்க விடையெல்லாம் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். ‘டீச்சர் பேச்சு கம்மியானா புள்ளைங்க வேலை ஜாஸ்தி ஆகும்.’ ஒம்பதாவது பகுதியில நீங்களே எழுதியிருக்கீங்க. என்ன தெளிவு!”

மத்தியானம் இன்னொரு வழி தோன்றியது. “சார், போர்டு வேலை செய்யலை போலிருக்கு.”

அரை மணி நேரத்தில் மெக்கானிக் வந்தார். போர்டு நன்றாகத்தான் இருந்தது. வந்ததற்கு ஒரு வேலை வேண்டுமே என்று ஒரு ஸ்பீக்கரையும் மாட்டிவிட்டுப் போனார். இனி தவறு செய்தால் சத்தமாகவும் கேட்கும்.

சாயங்காலம் கடைசி முயற்சி. “சார், சின்ன டீச்சருங்க யாராவது செய்யட்டுமே. நான் ஒதுங்கிக்கிறேன்.”

அருள்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்? சின்ன டீச்சருங்களும் பார்க்கட்டும் மேடம். இன்னும் மூணு ஸ்கூலைக் கூப்பிட்டுடறேன்.”

ஐந்து பள்ளி எட்டாயிற்று. குர்ஷித் பேகம் நேராகத் தையல்கடைக்குப் போனார்.

“என்னத்தைங்க எழுதித் தொலைச்சீங்க?”

ஜியாவுல்லா ஒரு பள்ளிச் சீருடைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தார். “தெரிஞ்சதை எழுதினேன்.”

“உங்களுக்கு என்ன தெரியும்?”

“மொத ரெண்டு வீடியோ சும்மாத்தான் ஓடுச்சு. மூணாவதுல பாடம் எடுக்கற அம்மா, ‘புள்ளைங்களுக்கு என்ன தெரியும்னு அளக்காம பாடத்தை ஆரம்பிக்காதீங்க’ன்னாங்க. அட, நம்ம தொழிலாச்சேன்னு மிஷினை நிறுத்திட்டுப் பார்த்தேன். அப்புறம் பன்னெண்டையும் பார்த்துட்டேன். அஞ்சாவதை மட்டும் ரெண்டு வாட்டி.”

குர்ஷித் பேகம் வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்தார். இனி அழுது பயனில்லை. வியாழக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது.

“சரி, சொல்லுங்க. பின்னங்களைக் கூட்டறது எடுக்கப் போறேன். எப்படி ஆரம்பிக்கணும்?”

“பாடம் முடிஞ்சப்புறம் புள்ளை என்ன செய்யணும்?”

“புரிஞ்சுக்கணும்.”

“புரிஞ்சுதுன்னு நீ எப்படிக் கண்டுபிடிப்ப?”

“கேட்பேன். புரிஞ்சுதான்னு கேட்டா தலையாட்டுவாங்க.”

ஜியாவுல்லா பட்டனை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். “கொஞ்சம் லூசா தைங்கன்னு ஒருத்தர் சொன்னா, நான் தலையாட்டிட்டு வெட்டிடுவேனா? எத்தனை இஞ்ச் லூசுன்னு கேட்க மாட்டேன்?”

“நான் இருபத்திநாலு வருஷமா பாடம் எடுக்கறேன். எனக்கு நீங்க சொல்லித் தர்றீங்களா?”

“நான் எங்க சொல்லித் தர்றேன்? நாலாவது பகுதியில இருக்கு.”

கோபத்தோடு எழுந்து வந்துவிட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. மறுநாள் வகுப்பில் முப்பத்திநான்கு பேருக்கும் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து ஒரே ஒரு கணக்கு போட்டார்: அரையும் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் எவ்வளவு? இரண்டு வாரம் முன்புதான் அதை நடத்தி முடித்திருந்தார். மூன்று தடவை விளக்கி, புரிந்ததா என்று கேட்டு, முப்பத்திநான்கு தலைகளும் ஆடியதைப் பார்த்திருந்தார்.

இருபத்தொன்பது பேர் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் அப்படியே கூட்டியிருந்தார்கள்.

முதல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டும் பொன்னியைத் தனியாகக் கூப்பிட்டார்.

“புரியலைன்னா சொல்ல வேண்டியதுதானே? ஏன் தலையாட்டின?”

பொன்னி காலால் தரையைத் தேய்த்தாள். “நீங்க ரொம்ப ஆசையா கேட்டீங்க மிஸ்.”

அன்று வீட்டுக்கு வந்ததும் குர்ஷித் பேகம் துப்பட்டாவைக்கூட எடுக்காமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். இருபத்திநாலு வருஷம், வருஷத்துக்கு முப்பது நாற்பது பேர். அத்தனை பேரும் ஆசைக்காகத்தான் தலையாட்டினார்களா? ஜியாவுல்லா வந்து பக்கத்தில் டீயை வைத்தார்.

“அந்த மூணாவது வீடியோவைப் போடுங்க” என்றார் குர்ஷித் பேகம்.

அடுத்த நான்கு நாட்களில் பன்னிரண்டையும் பார்த்தார். நோட்டுப் போட்டு எழுதினார். பள்ளி விட்டதும் சந்தனத்தைத் துடைத்துவிட்டு ஸ்மார்ட் போர்டோடு மல்லுக்கு நின்றார். முதல் நாள் எழுத்தெல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. இரண்டாம் நாள் போர்டு ஏதோ வெளிநாட்டு மொழியில் பேச ஆரம்பித்தது. புது ஸ்பீக்கர் புண்ணியத்தில் பக்கத்துத் தெருவரை கேட்டது. மூன்றாம் நாள் போனில் எடுத்த படம் போர்டில் வந்தது. யாருமில்லாத வகுப்பறையில் குர்ஷித் பேகம் தனக்குத்தானே கைதட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை எட்டுப் பள்ளிகளிலிருந்து இருபத்தோரு ஆசிரியர்கள் வந்து பின்பெஞ்சுகளில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தார்கள். குர்ஷித் பேகம் போனைப் போர்டோடு இணைத்தார். இணைந்தது. உடனே, போர்டு முழுக்கப் பெரிய எழுத்தில் ஒரு செய்தி வந்து நின்றது:

‘மொதல்ல நோக்கத்தைச் சொல்லு. படபடன்னு பேசாத. வரும்போது அரைக் கிலோ வெங்காயம்.’

குர்ஷித் பேகத்துக்குக் காதுவரை சூடு ஏறியது. பின்னால் ஆசிரியர்கள் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் கையைத் தூக்கினார். “மேடம், மொத ரெண்டும் புரியுது. வெங்காயம் எதுக்கு?”

குர்ஷித் பேகம் வாயைத் திறப்பதற்குள் அருள்ராஜ் எழுந்துவிட்டார். “அரைக் கிலோ சார், அரை! பின்னம்! வீட்டு வாழ்க்கையிலேர்ந்து பாடத்துக்குள்ள கூட்டிட்டுப் போறாங்க!”

ஆசிரியர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

ஆறாவது பகுதியில் இதற்கும் வழி இருந்தது: கருவி கைவிட்டாலும் பாடம் நிற்கக் கூடாது. குர்ஷித் பேகம் பையிலிருந்து துணி நாடாக்களை எடுத்தார். கடையில் வெட்டி மீந்த துணி. ஒவ்வொன்றும் பன்னிரண்டு இஞ்ச். ஐந்தாறு பேராகப் பிரித்துக் கொடுத்தார்.

“இதுல பாதியை வெட்டுங்க. இன்னொரு நாடாவுல மூணுல ஒரு பங்கை வெட்டுங்க. ரெண்டையும் சேர்த்து வச்சா முழு நாடாவுல எவ்ளோன்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்.”

அதற்குமேல் பேசவில்லை. பேசாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பிள்ளைகள் சண்டை போட்டார்கள், அளந்தார்கள், வெட்டினார்கள். ஒவ்வொரு குழு வைத்திருந்ததையும் போனில் படம் எடுத்தார். கரண்ட் வந்ததும் பெயர் சொல்லாமல் படங்களைப் போர்டில் போட்டார்.

“மிஸ், அஞ்சுல ரெண்டுன்னா பாதியைவிட கம்மி!” பொன்னி எழுந்து நின்று கத்தினாள். “பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா எப்படி மிஸ் கம்மியாகும்? ரெண்டு ரெண்டு இஞ்சா மடிச்சுப் பாருங்க, ஆறுல அஞ்சு வருது!”

அவள் தலையாட்டவில்லை. போர்டு வரைக்கும் ஓடி வந்து விரலால் எண்ணிக் காட்டினாள். குர்ஷித் பேகம் ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணில் தூசி விழுந்ததுபோல் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் மறுபடியும் துண்டுத்தாள். இந்தத் தடவை இருபத்தெட்டு பேர் சரி. “மீதி ஆறு பேரும் நாளைக்கு சாப்பாட்டு மணியில என்கிட்ட வாங்க” என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதி. இரண்டே நாளில் அருள்ராஜ் ஒரு கடிதத்தோடு ஓடி வந்தார்.

“மேடம்! பயிற்சியில முதல் பத்து இடம் வந்தவங்களுக்குப் பாராட்டு விழா! இனிமே மத்த டீச்சருங்களுக்கு நீங்கதான் பயிற்சி கொடுக்கணுமாம்! உங்க விடையைப் புத்தகமா போடப் போறாங்க!”

அன்று சாயங்காலம் குர்ஷித் பேகம் கணவரிடம் சொன்னார். “உண்மையைச் சொல்லிடப் போறேன்.”

“எதுக்கு? நீதான் இப்ப எல்லாத்தையும் கத்துக்கிட்டியே. வகுப்பு நீ எடுத்ததுதானே?”

“வகுப்பு என்னுது. மார்க் என்னுது இல்லை. புள்ளைங்க பார்த்து எழுதினா பெஞ்சு மேல நிக்க வைக்கிறவ நான். எந்த முகத்தோட மாலை வாங்கிக்கறது?”

“வேலைக்கு ஏதாச்சும் வந்துட்டா?”

“வரட்டும்.”

“அப்ப நானும் வர்றேன். எழுதினவன் நான்” என்றார் ஜியாவுல்லா.

விழா நாளன்று குர்ஷித் பேகம் நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலம் முடித்துத் திரும்பும் கூட்டத்துக்குள் ஸ்கூட்டர் ஊர்ந்து ஊர்ந்து போனது. கீழ்பென்னாத்தூர் சாலையில் இருந்த பயிற்சி மையத்துக்குப் போய்ச் சேரும்போது நேரமாகிவிட்டது.

வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார் அலுவலக உதவியாளர் ராணியம்மாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார்.

“அம்மா, என் பேர் குர்ஷித் பேகம். விழா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மேலதிகாரிகிட்ட இந்த லெட்டரைக் கொடுக்கணும்.” கடிதத்தை நீட்டினார். “இவர் என் வீட்டுக்காரர். அந்தப் பரீட்சை விஷயமா ஒரு உண்மையைச் சொல்லணும். நான் வந்து...”

ராணியம்மாள் கடிதத்தைப் பிரிக்கவில்லை. வாங்கி, மேஜையில் ஏற்கெனவே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த ஒன்பது கடிதங்களின்மேல் வைத்து, தட்டி நேராக்கினார்.

“டீச்சருங்கல்லாம் இந்தப் பக்கம் கீழ உட்காருங்கம்மா. சார், நீங்க மாடிக்குப் போங்க. கோர்ஸ் படிச்ச வீட்டுக்காரங்க அத்தனை பேரும் அங்கதான் இருக்காங்க.”