ஐந்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்த ஞாயிற்றுக்கிழமை

மென்பொருள் வேலையில் இருபத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன் நான். ஆனாலும் யாராவது என் எதிரே கால்குலேட்டரில் பூஜ்ஜியத்தை அழுத்தினால் என் கை இன்னும் ரீசெட் பட்டனைத் தேடும்.

தொண்ணூறுகளின் நடுவில், வேலைக்குச் சேர்ந்த புதிது. அம்மாவோடு பெங்களூர் விவேக் நகருக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண் ஸ்டெல்லா, பள்ளியில் கணக்கு டீச்சர். அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. என் சட்டைப் பையில் ஒரு ஃப்ளாப்பி இருந்தது. (மற்றவர்கள் பூவும் பழமும் கொண்டுபோவார்கள். நான் கொண்டுபோனது நானே எழுதிய கால்குலேட்டர் புரோகிராம்.)

"வகுத்தலைக்கூட நானே எழுதினேன். மெஷின்ல இருக்கிறதை எடுத்துக்கலை," என்றேன், யாரும் கேட்காமலே.

"நான் போட்டுப் பார்க்கலாமா?" என்றாள் ஸ்டெல்லா. ஃப்ளாப்பியை அந்தக் கம்ப்யூட்டரில் செருகித் திறந்து கொடுத்தேன். ஒன்றை மூன்றால் வகுத்தாள். 0.33333333 வந்தது. அதையே மூன்றால் பெருக்கினாள். 0.99999999.

"மீதி எங்க போச்சு?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எட்டு இலக்கத்துக்கு மேல் வெட்டிவிட்டேன், வெட்டியதை வைத்துத்தான் அடுத்த கணக்கு ஓடுகிறது என்றேன்.

"வெட்டாம, ஒண்ணின் கீழ் மூணுன்னு பின்னமாவே உள்ள வெச்சிருந்தா? பெருக்கும்போது சரியா ஒண்ணு வந்திருக்குமே."

எனக்கு அது தோன்றவே இல்லை. "அடுத்த வெர்ஷன்ல வரும்," என்றேன். (அப்படி ஒன்று கிடையாது.)

அவள் ஐந்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தாள். திரை உறைந்தது. மவுஸை ஆட்டினேன், எல்லாக் கட்டைகளையும் தட்டினேன். எதுவும் அசையவில்லை.

அவள் அப்பா எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, ஆயித்தா?" (முடிந்ததா என்று அர்த்தம்; அவர் தமிழில் கன்னடம் கலந்துதான் வரும்.)

ஆகவில்லை. பத்து நிமிடம் போராடிவிட்டு ரீசெட் பட்டனை அழுத்தினேன். அப்போதுதான் அவர் சொன்னார்: சர்ச் திருவிழா மலருக்குக் காலையிலிருந்து ஒற்றை விரலால் நான்கு பக்கம் கட்டுரை அடித்து, அதே மெஷினில் திறந்து வைத்திருந்தாராம்.

"சேவ் பண்ணீங்களா அங்கிள்?"

"இன்னும் முடிக்கலையே. முடிச்சாத்தானே சேவ் பண்ணுவாங்க?"

அம்மா கடித்த கேக்கைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். பஸ்ஸில் தனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தாள்.

மூன்றாம் நாள் ஆபீசுக்கு ஸ்டெல்லா போன் செய்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் என்று நினைத்தேன்.

"அது ஏன் நின்னுச்சு?"

"நிக்கலைங்க. வகுத்தல்னா திரும்பத் திரும்பக் கழிக்கிறதுன்னு எழுதியிருந்தேன். அஞ்சுல பூஜ்ஜியத்தைக் கழிச்சா அஞ்சு. மறுபடி கழிச்சாலும் அஞ்சு."

"அப்போ இன்னும் கழிச்சுக்கிட்டே இருந்திருக்குமா?"

"கரண்ட் போற வரைக்கும். நல்ல கால்குலேட்டர்னா முதல்லயே பூஜ்ஜியமான்னு பார்த்துட்டு, தப்புன்னு காட்டிடும். நான் பார்க்கலை."



"பசங்க கேட்டா முடியாதுன்னு மட்டும்தான் இத்தனை நாள் சொல்லிட்டிருந்தேன். ஏன் முடியாதுன்னு காட்ட இது போதும். அந்த ஃப்ளாப்பியை ஸ்கூலுக்குக் கொண்டு வரீங்களா? சரி பண்ணிடாதீங்க."

கொண்டுபோனேன். ஞாயிறுதோறும் அவள் அப்பா சொல்லச்சொல்ல அந்தக் கட்டுரையையும் அடித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வாரமும் அவர் முதல் வரியை மாற்றினார். மலர் வெளிவருவதற்குள் எங்களுக்குக் கல்யாணத் தேதி குறித்துவிட்டார்கள்.

இப்போது எங்கள் மகள் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்றால் மாமனார் கூடத்திலிருந்து கேட்பார்: "என்னம்மா, இன்னும் ஜீரோவைக் கழிச்சுக்கிட்டு இருக்கியா?" சிறுவயதில் ரொம்ப நாள் அவள் அதை ஏதோ கன்னடச் சொலவடை என்றே நினைத்திருந்தாள்.