புரோட்டீன் உருண்டையால் எனக்கு இரண்டு கிலோ ஏறிய விவரம்

சேசு மரி சூசை துணை

காமயகவுண்டன்பட்டி

அன்புள்ள பேத்தி அனிதா மேரிக்கு, உன் அப்பத்தா இருதயம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் மாடும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. கோயம்புத்தூரில் நீயும் உன் அப்பா அம்மாவும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் நீ சிரிப்பது என் காதில் விழும், கடிதமென்றால் விழாது, அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான்.

தேனி டாக்டர் சொன்னது உனக்கு ஞாபகமிருக்கும். "ஆறு கிலோ குறைச்சுட்டு வாங்கம்மா, அப்புறம் மூட்டு ஆபரேசன்." சித்திரையில் ஆபரேசன் முடிந்தால்தானே ஆவணியில் உன் கல்யாணத்தன்று கோவில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் உன் அப்பா ஒரு கையும் நான் ஒரு கையுமாக உன்னை நடத்திக் கூட்டிப்போக முடியும்? அதற்காகத்தான் நீ அந்தப் புரோட்டீன் பவுடர் டப்பாவையும் செய்முறைச் சீட்டையும் அனுப்பினாய். அது வந்த அன்றே நானும் வேலுச்சாமியின் திராட்சைக் கொட்டகையில் எடை மெஷினில் ஏறி நின்றேன், எழுபத்துநாலு.

சீட்டில் எழுதியபடியே வறுத்த நிலக்கடலையை விழுதாக அரைத்து, பவுடர், பாதாம் மாவு, தேங்காய்த்துருவல் எல்லாம் போட்டுப் பிசைந்தேன். சீனி கிடையாது, வெல்லம் கிடையாது, வேகவைக்கவும் வேண்டாமாம். எனக்குக் கை கேட்கவில்லை, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் அதன் முன்னால் நின்றேன். பக்கத்து வீட்டு மகாலட்சுமி எட்டிப் பார்த்து, "என்னாத்தா, அடுப்புக்குக் குளிருதுன்னு பத்த வச்சீகளா?" என்றாள். உருட்டி ஃபிரிட்ஜில் வைத்து ஒன்றைத் தின்று பார்த்தேன். பவுடர் வாங்கிய உன் மனசு நோகக்கூடாது, அதனால் ருசியைப் பற்றி எழுதவில்லை.

தப்பு அங்கேதான் நடந்தது. ஒரு நாளைக்கு இரண்டு என்று நீ எழுதியிருந்தாய். ஆனால் பலகாரம் செய்து தெருவுக்குக் கொடுக்காமல் தின்கிற வழக்கம் நம் வீட்டில் உண்டா? என் பேத்தி அனுப்பியது என்று பெருமை பேசி மகாலட்சுமிக்கு ஒரு டப்பா, வேலுச்சாமி வீட்டுக்கு ஒரு டப்பா, எதிர்வீட்டு சுகிர்தம் டீச்சருக்கு ஒரு டப்பா கொடுத்தேன். கொடுத்த டப்பாவை வெறுமையாகத் திருப்பித் தருவார்களா? ஒன்றில் வெல்லப் பூரணம் வைத்த சீயம் வந்தது, ஒன்றில் அதிரசம், டீச்சர் வீட்டிலிருந்து அச்சுமுறுக்கு. வீட்டில் நான் ஒருத்தி. மாட்டுக்கு ஒரு அதிரசம் வைத்தேன், மோந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. வீணாக்குவது பாவமென்று நானே தின்றேன். அவர்கள் நிரப்பித் தந்தபிறகு நான் சும்மா இருக்க முடியுமா, மறுபடி உருண்டை, மறுபடி சீயம், இப்படியே ஒரு மாதம், உன் பவுடரை அவர்கள் தின்றார்கள், அவர்கள் வெல்லத்தை நான் தின்றேன்.

நேற்று மெஷினில் ஏறினேன். வேலுச்சாமி குனிந்து நம்பரைப் பார்த்து, "ஆத்தா, திராட்சைப் பெட்டியோட ஏறிட்டீகளா?" என்றான். எழுபத்தாறு! பின்னாலேயே டீச்சர் ஏறினார், மூன்று கிலோ குறைந்திருந்தார். ராத்திரி இட்லிக்குப் பதிலாக என் உருண்டை இரண்டுதானாம், பசியே எடுப்பதில்லையாம். அதோடு விட்டாரா? "கவலப்படாதீக இருதயம். கல்யாணத்தன்னைக்கு நீங்க முன் பெஞ்சுல உக்காந்துக்கிருங்க. புள்ளய நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன், நாந்தான் இப்ப லேசா இருக்கேன்ல." நான் உருட்டிக் கொடுத்த உருண்டை என் இடத்தையே பிடிக்க வந்துவிட்டது பார். ராத்திரி முழுக்க வயிறு எரிந்தது, அதில் பாதி அச்சுமுறுக்கால்.

ஆகவே பேத்தி, இன்று முதல் ஒரு டப்பாவும் என் வாசலைத் தாண்டாது. வெல்லத்தையும் நெய்யையும் வீட்டைவிட்டே வெளியேற்றிவிட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு உருண்டை, அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. உன் கையை நான்தான் பிடிப்பேன், இது சத்தியம். நீ நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்கு ஜெபம் சொல்லு. சூசையப்பர் உன்னையும் வரப்போகிற மாப்பிள்ளையையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பத்தா,
ம. இருதயம்மாள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போதுதான் பார்த்தேன், டீச்சர் வீட்டு டப்பா ஒன்று இங்கன கிடக்கிறது. வெறுமையாக எப்படிக் கொடுப்பது? உருண்டை வைத்தால் அவுக இன்னும் இளைப்பாக. அதனால் மகாலட்சுமி வீட்டுக்கு வெளியேற்றியிருந்த வெல்லத்தையும் நெய்யையும் திரும்ப வாங்கிவந்து, டப்பா நிறைய நெய் சொட்டச் சொட்டத் தேங்காய்ப் போளி போட்டுக் கொடுத்தேன். ஆவணிக்குள் அவுக எடை பழையபடி ஏறிவிடும். இனிப்புச் சரியா என்று பார்க்க மட்டும் எனக்கு ஆறு போளி வேண்டியிருந்தது. எதற்கும் முன் பெஞ்சில் இரண்டு பேருக்கு இடம் சொல்லி வை.