கார் போட்ட நைட்டி

இந்தக் கதையில் எதையும் நான் நேரில் பார்க்கவில்லை. தளவாய்புரத்தில் யோகேஸ்வரி அக்காவின் நைட்டிப் பட்டறையில் ஓவர்லாக் மிஷின் ஓட்டும் ஜாஸ்மின் சொல்லக் கேட்டது. ஜாஸ்மின் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஒரு வரி சொன்னால் இரண்டு வரி சிரிப்பாள். சிரிப்பில் விட்டுப்போன இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். தப்பாக நிரப்பிவிடக் கூடாதே என்று சில விஷயங்களைப் போய் விசாரிக்கவும் செய்தேன்.

யோகேஸ்வரியின் கணவர் விஜயபாண்டி, ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் சூப்பர்வைசர். மில்லில் அவருக்குக் கீழே நாற்பது பேர். வீட்டில் அவருக்கு மேலே ஒரே ஒருத்தர்தான். அந்த ஒருத்தரிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்பதுதான் அவருடைய வாழ்க்கையின் பெருமை. அது கார்ச் சாவி.

கார் இருபது வருஷப் பழசு. வாங்கிய புதிதில் பழுத்த மிளகாய்ச் சிவப்பு. வெயில் குடித்துக் குடித்து, துவைத்து வெளுத்த ரவிக்கை நிறத்துக்கு வந்திருந்தது. ஆனாலும் கார் கார்தானே. தினமும் அதில்தான் மில்லுக்குப் போவார். யோகேஸ்வரி நைட்டிக் கட்டுகளைத் தலையிலும் இடுப்பிலுமாக ஏற்றி, ராஜபாளையத்தில் பஸ் மாறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் ஜவுளிக்கடைக்குக் கொண்டு போவாள். வாரத்துக்கு மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் கண்டக்டரோடு ஒரு சண்டை.

அவளிடம் டிரைவிங் லைசென்ஸ் இருந்தது. எடுத்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. சாவிதான் கிடைக்கவில்லை.

"கிளட்ச் சரியில்லை" என்றார் முதலில். கிளட்ச் மாற்றியாயிற்று. "பிரேக் நம்ப முடியாது." பிரேக்கும் பார்த்தாயிற்று. "மழை பெய்யுது." மழை விட்டது. "ராஜபாளையம் ரோட்டுல நாய் குறுக்க வரும்." நாயை என்ன செய்வது? யோகேஸ்வரி பஸ் ஏறினாள்.

ஆனாலும் விஜயபாண்டிக்குக் கவலை. காரணங்கள் தீர்ந்துகொண்டே வந்தன. என்றைக்கும் தீராத ஒரு காரணம் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாவது தோசையில் அது அவருக்குக் கிடைத்துவிட்டது.

"காருக்குப் பெயின்ட் அடிக்கப் போறேன்" என்று அறிவித்தார்.

"திடீர்னு என்ன?"

"நம்ம கௌரவம் ஏட்டி அது. அடிச்சா அப்படியே ஷோரூம்ல இருந்து இறக்குன மாதிரி இருக்கணும்."

மனத்துக்குள் அவர் சொல்லிக்கொண்டது வேறு. விலை உயர்ந்த பெயின்ட் அடித்துவிட்டால், அதன்மேல் கீறல் விழுமே என்ற பயம் ஒன்று போதும். ஆயுசுக்கும் சாவி கேட்க மாட்டாள்.

முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்சாமியின் பெயின்டிங் ஷெட்டுக்குப் போனார். பால்சாமி காரைச் சுற்றி வந்து, கதவை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். டாக்டர் முதுகில் தட்டிப் பார்ப்பது போல.

"கண்ணாடி, ரப்பர், லைட்டு, கைப்பிடி அம்புட்டையும் கழட்டணும். பழைய பெயின்ட்டைத் தகடு வரைக்கும் சுரண்டணும். துருவை எடுத்து, பட்டி பார்த்து, பிரைமர் அடிச்சு, தேய்ச்சு, மறுபடி அடிச்சு, மறுபடி தேய்ச்சு, பொறவுதான் கலரு. அதுக்கு மேல கிளியர் கோட்டு. இருபத்தஞ்சு நாளு. அம்பத்தெட்டாயிரம்."

"காரே அம்புட்டுக்குப் போகாதேய்யா!"

"அப்ப காரை வித்துட்டு வாங்கண்ணே. பெயின்ட்டை மட்டும் டப்பாவுல வாங்கிட்டுப் போயிரலாம்."

விஜயபாண்டி அங்கிருந்து நேரே ராஜபாளையத்துக்குத் திரும்பி, இன்னொரு பெயின்டர் சிவனாண்டியிடம் வந்தார். சிவனாண்டி காரைத் தட்டவே இல்லை. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

"பதினெட்டாயிரம். நாலு நாளு."

"ரப்பரைக் கழட்டுவீகளா?"

"எதுக்குக் கழட்டணும்? ஓரத்துல டேப்பை ஒட்டிட்டு அடிச்சிருவோம். ரப்பருக்கு அடியில யாருண்ணே பாக்கப் போறா?"

"மினுமினுப்பு இருக்குமா?"

"அதைப் பாத்துத் தலை சீவலாம்."

"எம்புட்டு நாளைக்கு நிக்கும்?"

"நீங்க நல்லா வச்சுக்கிட்டா நல்லா நிக்கும்."

"நிக்கலேன்னா?"

"நீங்க நல்லா வச்சுக்கிடலைன்னு அர்த்தம்."

இந்த நேர்மை விஜயபாண்டிக்குப் பிடித்துப்போயிற்று. பதினெட்டாயிரத்துக்கு அடித்துக்கொண்டு, வீட்டில் அறுபதாயிரம் என்று சொல்வது. பயத்துக்குப் பயமும் ஆச்சு, காசும் மிச்சம். தன்னைத் தானே முதுகில் தட்டிக்கொள்ள வசதியில்லாததால் காரைத் தட்டிக்கொடுத்தார்.

நாலாம் நாள் கார் தெருவுக்குள் நுழைந்தது. பட்டறைப் பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். வெயிலில் கண் கூசியது. விஜயபாண்டி காரை மூன்று தடவை வலம் வந்தார்.

"அறுபதாயிரம்" என்றார், யாரும் கேட்காமலேயே.

யோகேஸ்வரி காரின் கதவைத் திறந்தாள். நைட்டி எடுப்பவர்கள் பூவைப் பார்ப்பார்கள், லேஸைப் பார்ப்பார்கள். தைக்கிறவள் திருப்பிப் போட்டு உள்தையலைத்தான் பார்ப்பாள். அவள் விரல் கதவோரத்து ரப்பருக்கு அடியில் போயிற்று. மெதுவாக ரப்பரைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ரப்பரைப் பழையபடி அமுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"நல்லாத்தானா? அறுபதாயிரம் ஏட்டி!"

"அதான் நல்லா இருக்குங்கேன். நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏழு கட்டு போகணும். நான் எடுத்துட்டுப் போகட்டா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் பதினெட்டாயிரம் செலவழித்திருந்தார். மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"இது அறுபதாயிரம் ரூவா பெயின்ட்டு யோகு. ஒரு கீறல் விழுந்தா அந்த இடத்துல மட்டும் பூச முடியாது. கதவு முழுக்க அடிக்கணும். பழக்கமில்லாத கையில குடுக்கிற வண்டியா இது?"

யோகேஸ்வரி தலையை ஆட்டினாள். "நீங்க சொல்றது சரிதான்."

பத்தொன்பது வருஷ தாம்பத்தியத்தில் இந்த வாக்கியத்தை விஜயபாண்டி கேட்டதே இல்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுவிட்டார்.

"ஆமா, மில்லுல காரை எங்க நிப்பாட்டுவீக?" என்று கேட்டாள்.

"புளிய மரத்துக்கு அடியில."

"காக்கா இருக்குமே."

"இருக்கும்."

"பஞ்சு லாரி வந்து திரும்புமே."

"திரும்பும்."

"சைக்கிளுக சாயுமே."

"சாயும்..."

"அறுபதாயிரம் ரூவா பெயின்ட்டை வச்சுக்கிட்டு எப்படிங்க அங்க நிப்பாட்டுவீக? எனக்கு மனசே கேக்கலை. நீங்க மில்லு பஸ்ஸுல போயிட்டு வாங்க."

அவர் வாயைத் திறந்தார். தன் காரணத்தைத் தானே எப்படி மறுப்பது?

அன்று சாயங்காலமே பட்டறையில் மிஷின் ஓடியது. மிச்சம் விழுந்த நைட்டித் துணிகளை ஒட்டுப்போட்டு, காருக்கு ஓர் உறை தயாரானது. முன்பக்கம் ரோஜா, பின்பக்கம் கிளி, கூரையில் மாங்காய். இரண்டு பக்கக் கண்ணாடிகளுக்கும் கை வைத்துத் தைத்திருந்தாள். கீழே சுற்றி லேஸ். டிரைவர் கதவுப் பக்கம் மேலிருந்து கீழாக ஒரு நீள ஜிப்.

"ஜிப் எதுக்கு?"

"செத்த நேரம் காத்து வாங்க வேண்டாமா? புழுங்குமே."

கார் நைட்டி போட்டுக்கொண்டு வேப்ப மரத்தடியில் நின்றது. விஜயபாண்டி மறுநாளிலிருந்து டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மில் பஸ்ஸுக்கு நின்றார்.

ஆறு வாரம்.

மில்லில் செய்தி பரவ ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. "சார், கார் எந்திரிச்சாச்சா, இன்னும் நைட்டியிலதானா?" என்று கேட்டார்கள். "கடைகண்ணிக்குப் போனா மேல ஒரு துண்டு போட்டுக்கிடுமா சார்?" என்று கேட்டார்கள். நாற்பது பேரும் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெயின்ட் அடித்ததே நாலு பேர் பார்ப்பதற்கு. யார் பார்க்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை காரை எடுக்கலாம் என்றால், "வெயிலைப் பாருங்க, கலரு இறங்கிரும்" என்பாள். "மேகமா இருக்கே" என்றால், "அப்ப தூறும்" என்பாள். தன் காரின் சிவப்பை ஒரு தடவையாவது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள் மத்தியானம் உறையின் ஓரத்தை லேசாகத் தூக்கினார்.

எதிர்வீட்டு முத்தாத்தாள் வாசலில் நின்று சத்தம் போட்டாள்: "என்ன தம்பி இது, பட்டப்பகல்ல நடுத்தெருவுல நைட்டியைத் தூக்கிப் பாக்கீக!"

தெருவே சிரித்தது. அவர் உறையை விட்டுவிட்டார். ஆனால் ஒன்று மட்டும் கண்ணில் பட்டுவிட்டது.

"ஏட்டி, மூடித்தான வச்சிருக்கு? டயர்ல எப்படி இம்புட்டு மண்ணு?"

"ஆடிக் காத்துங்க" என்றாள் யோகேஸ்வரி.

ஆவணியில், மில்லில் உடன் வேலை பார்க்கிறவர் வீட்டுக் காதுகுத்து, தேவதானத்தில். எல்லோரும் காரில் வந்து இறங்கினார்கள். விஜயபாண்டி இரண்டு பஸ் மாறி, வேஷ்டியை யாரோ மிதித்துக் கறையாக்கி, பந்தி முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பாயசம் தீர்ந்திருந்தது. திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"யோகு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அந்தப் பெயின்ட்டு அறுபதாயிரம் இல்லை."

"அப்படியா! பொறவு எம்புட்டு?"

"பதினெட்டு."

"அடக் கடவுளே."

"ஒண்ணும் சுரண்டலை, கழட்டலை. பழசு மேலேயே அடிச்சது. பானெட்டு ஓரத்துல இந்நேரம் கொப்புளம் விட்டிருக்கும். அதைப் போய்ப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டியதில்லை. வெயிலோ மழையோ, நான் நாளையில இருந்து எடுத்துட்டுப் போறேன்."

"அப்ப கீறல் விழுந்தா?"

"விழுந்தா விழுந்துட்டுப் போகுது!"

"காக்கா?"

"இருந்துட்டுப் போகட்டும்!"

"கதவு முழுக்க அடிக்க வேண்டாமா?"

"அதுக்கு என்னத்தை அடிக்க? சும்மா தொடச்சு விட்டாப் போதும்."

"அப்ப பழக்கமில்லாத கை ஓட்டுனாலும் ஒண்ணும் நட்டமில்லை."

"ஒரு நட்டமும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

யோகேஸ்வரி கையை நீட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. காரணம் தேடினார். கிளட்ச் புதுசு. பிரேக் புதுசு. வெளியே மழை இல்லை. ஒரு நாயைக்கூடக் காணவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவி அந்தக் கைக்குப் போயிற்று.

"உனக்கு முன்னாலேயே தெரியுமா?" என்று மெல்லக் கேட்டார்.

"கதவு ரப்பருக்கு அடியில டேப் ஒட்டுன கோடு நகத்துல தட்டுச்சு. உள்ள பூராம் பழைய கலரு. உள்தையலைப் பாக்காமலா நான் பதினஞ்சு வருஷமா நைட்டி விக்கிறேன்? நல்ல பெயின்ட்டுக்கு உள்ளயும் அதே கலரு இருக்கணுங்க. அடுத்த வருஷம் நானே பால்சாமி அண்ணன்கிட்ட விட்டு ஒழுங்கா அடிச்சுக்கிடுதேன்."

மறுநாள் விஜயபாண்டி லீவு போட்டார். அறியாத பெண்ணைத் தனியாக விட அவருக்கு மனமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். "கிளட்ச், கிளட்ச்!" என்பார். அவள் ஏற்கெனவே கியர் மாற்றியிருப்பாள். "ஆரன் அடி!" என்பார். லாரி ஏற்கெனவே ஒதுங்கியிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைகள் நெருக்கியடிக்கும் தெருவில், ஒரு வேனுக்கும் ஒரு பலகைக்கும் நடுவே இருந்த இடத்தில், ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினாள். இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் மிச்சம்.

விஜயபாண்டிக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. சாவி போன துக்கமெல்லாம் அந்த ஒரு சாணில் கரைந்துவிட்டது. இருபது வருஷம் ஓட்டியும் அவரால் அந்த இடத்தில் நிறுத்த முடியாது. முதல் நாளே நிறுத்திவிட்டாளே!

ஜவுளிக்கடை கௌதம்ராஜ் வெளியே வந்தார். "வாங்கக்கா! அட, இன்னைக்கு அண்ணனும் வந்திருக்காகளே!"

"தம்பி, நீங்க சாட்சி. இவ இன்னைக்குத்தான் முதன்முதலா ஓட்டுதா. எப்படி நிப்பாட்டிருக்கா பாத்தீகளா?"

கௌதம்ராஜ் யோகேஸ்வரியைப் பார்த்தார். யோகேஸ்வரி கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். "முதன்முதலாவாண்ணே!" என்றார் அவர். "நம்பவே முடியலையே!"

"பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்கிற ஆளு சரியா இருந்தா யாரும் ஓட்டிரலாம் தம்பி" என்றார் விஜயபாண்டி.

மில்லில் அவர் பேச்சே இப்போது மாறிவிட்டது. "வீட்டுல சாவியைக் குடுங்கய்யா" என்று நாற்பது பேருக்கும் புத்தி சொல்கிறார். "என் பொஞ்சாதி முதல் நாளே ரிவர்ஸ் போட்டா. நான் நம்பிக் குடுத்தேன்ல?" நைட்டிப் பேச்சை எடுக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அவ்வளவு பெருமையோடு சொல்கிறாராம்.

இதோடு ஜாஸ்மின் நிறுத்திவிட்டாள். அதற்கு மேல் கேட்டால் சிரிப்புதான் வந்தது. எனக்கோ மனசு ஒப்பவில்லை. ஏதோ ஒன்றை விட்டுவிட்டு எழுதுகிறேன் என்று உறுத்திக்கொண்டே இருந்தது. பால்சாமியிடமும் சிவனாண்டியிடமும் விலை கேட்டேன். இரண்டும் சரி. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம், பழைய காரின் சாவியைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்று வெட்டித்தர நூற்றைம்பது ரூபாய், பத்து நிமிஷம் என்று தெரிந்துகொண்டேன். கடைசியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், யோகேஸ்வரி அக்கா எப்போதிருந்து காரில் வருகிறார்கள் என்று கௌதம்ராஜிடம் கேட்டேன்.

அவர் யோசிக்கக்கூட இல்லை. "அந்த அண்ணன் மில்லு பஸ்ஸுல போக ஆரம்பிச்ச அன்னைக்கே."