பதினோரு நாளும் ஏழு கண்டுபிடிப்புகளும்

கதவு டக்கென்று சாத்திக்கொண்டபோது வழிகாட்டிப் பெண் உள்ளே இருந்தாள். செல்போன் வெளியே, வரவேற்பு மேசையில் இருந்தது.

அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம். ஒரு பெரிய கண்டுபிடிப்பாளர் வாழ்ந்த வீடு அது. அவர் காலமான பிறகு அருங்காட்சியகம் ஆனது. தினமும் இந்த அறை வாசலில் நின்று ஒப்பிப்பாள்: "இங்கேதான் அவர் பதினோரு நாள் வெளியே வராமல் உழைத்தார். சாப்பாடுகூட ஜன்னல் கம்பி வழியாகத்தான். வெளியே வந்தபோது ஏழு கண்டுபிடிப்புகள் தயார்." வந்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள்.

அவளுக்கு மட்டும் ஒரு கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. அந்த ஏழுக்கும் முன்பே அவர் செய்தது, தானாகச் சாத்திக்கொள்ளும் இந்தக் கதவு. எப்படிச் சாத்திக்கொள்கிறது? இன்று தடுப்புக் கயிற்றைத் தாண்டி உள்ளே போய், முட்டுக்கொடுத்திருந்த கட்டையைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தாள். தெரிந்துகொண்டாள்.

உள்பக்கம் கைப்பிடியே இல்லை.

பத்து மணிக்குக் கண்டுபிடிப்பாளரின் மகள் வருகிறார். அருங்காட்சியகக் காப்பாளர் நேற்றே எச்சரித்திருந்தார். "ஏம்மா, நீ எதையாவது தொட்டேன்னு தெரிஞ்சா, வேற வேலை பாத்துக்க வேண்டியதுதான்."

மணி ஒன்பதே முக்கால்.

அலமாரியில் ஏழும் வரிசையாக இருந்தன. முதலில் 'நீளும் கை'யை எடுத்தாள். கதவுக்கு மேலிருந்த காற்றுச் சந்து வழியாக விட்டுத் திருகினாள். கை வெளியே நீண்டு, கீழே வளைந்து, எதையோ தேடியது. பிறகு மடங்க மறுத்துவிட்டது.

"சரி, தூக்கிப் பாப்போம்" என்று ஜாக்கியை எடுத்தாள். பாரம் தூக்கும் கருவி என்று அட்டையில் எழுதியிருந்தது. அதன் தட்டையான நாக்கு கதவுக்கு அடியில் அளவெடுத்த மாதிரி நுழைந்தது. திருகினாள். கதவு இரண்டு விரற்கடை எழும்பி, நிலையில் இறுகிக்கொண்டது. இறக்கவும் முடியவில்லை.

அவள் அப்படியே நின்றாள். அளவெடுத்த மாதிரியா?

மெல்லிய ரம்பத்தைக் கதவு இடுக்கில் வைத்துப் பார்த்தாள். கச்சிதம். வளைந்த கண்ணாடி, காற்றுச் சந்துக்குக் கச்சிதம். வேலை போகப்போகிறது என்பதே மறந்துபோய், ஒவ்வொன்றாகக் கதவில் பொருத்திப் பார்த்தாள். மிஞ்சியது மணிதான். மூன்று தெருவுக்குக் கேட்குமாம். அறையிலிருந்த மேசைமேல் வைத்துச் சாவி கொடுத்தாள்.

நாலு தெருவுக்குக் கேட்டது. நிற்கவில்லை.

"உள்ளே யாரு?" காப்பாளரின் குரல்.

"நான்தான் சார்."

"அங்க என்ன பண்றே? வெளிய ஒரு கை தொங்கி என் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டுடுச்சு. மொதல்ல மணியை நிறுத்து."

"நிறுத்தத் தெரியல சார்."

பிறகு நிதானமான ஒரு பெண்குரல் கேட்டது. "மணியை மேசையிலேருந்து தூக்கும்மா. தூக்கினா நின்னுடும்."

நின்றது.

"இப்ப ஜாக்கித் திருகைப் பின்னால இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இறக்கு."

கதவு பழைய இடத்தில் உட்கார்ந்தது. வெளியே 'டொக்' என்று ஒரு சத்தம். கதவு திறந்துகொண்டது.

எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி கதவின் வெளிப்பக்கக் கொக்கியில் ஒற்றை விரலை வைத்தபடி நின்றிருந்தார். கண்டுபிடிப்பாளரின் மகள்.

"இனிமே நீ வேலைக்கு..." என்று தொடங்கினார் காப்பாளர்.

"இருங்க" என்றார் மகள். "எதுக்கும்மா உள்ளே போனே?"

வழிகாட்டி கயிற்றைத் தாண்டி வெளியே வந்தாள். "கோவிச்சுக்காதீங்கம்மா. அப்பா பதினோரு நாள் உள்ளேயே இருந்து உழைச்சார்னு நான்தான் தினமும் சொல்றேன். ஆனா இந்த ஏழும் இந்தக் கதவைத் தாண்டி வெளிய வர்றதுக்குன்னே செஞ்சது. அவர் உள்ளே மாட்டிக்கிட்டிருந்திருக்கார்."

காப்பாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மகள் சிரித்துவிட்டார். "இத்தனை வருஷத்துல இதைக் கண்டுபிடிச்ச மொத ஆள் நீதான். காப்பாளரே, இந்தப் பொண்ணை அனுப்பிடாதீங்க."

போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "இன்னும் ஒண்ணு புரியலம்மா. வெளிப்பக்கம் கொக்கியை ஒரு தட்டு தட்டினா திறக்குதே. பதினோரு நாளும் வீட்ல ஒருத்தர்கூடத் தட்டலையா?"

"மொத நாளே தட்டப் போனேன், அப்ப எனக்கு எட்டு வயசு" என்றார் மகள். "அம்மாதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இருடி, ஒரு ஆறேழு கண்டுபிடிக்கட்டும்'ன்னாங்க."