நாலு கை தேவகன்னி

தேவகன்னி இடது கையால் தங்கக்காசு கொட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாப்பா தீனா இது? லட்சுமி வர்ற கையா இது?" என்று ஜெகநாதன் கம்ப்யூட்டர் திரையை விரலால் தட்டினார்.

"நீங்கதான மொதலாளி திருப்பச் சொன்னீங்க?" என்றான் தீனா.

சொன்னது உண்மைதான். ஆவணி முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்க ஆரணிக்கு வருகிற கூட்டம் மொத்தமும் தன் பட்டுக்கடைக்குள் நுழைய வேண்டும் என்பது ஜெகநாதனின் திட்டம். அதற்குத்தான் வாசலில் இந்தப் பெரிய பேனர். மேகத்துக்கு நடுவே மிதக்கும் அரண்மனை, படிக்கட்டில் இறகு முளைத்த குதிரை, குதிரைமேல் அவர் கடைப் பட்டுடுத்திய தேவகன்னி.

மெட்ராஸில் படித்துவிட்டு வந்து பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் போட்டிருந்த தீனா, சின்னப் பலகை ஒன்றின்மேல் பேனாவால் கிறுக்கக் கிறுக்க, எல்லாம் திரையில் முளைத்தன. முதலில் கோடு, பிறகு நிறம், அதற்குமேல் வெளிச்சம், ஜரிகைக்கென்று தனியாக ஒரு மினுமினுப்பு. ஒவ்வொன்றும் ஒரு லேயர் என்றான். கண்ணாடித்தாளை அடுக்குகிற மாதிரி.

"லேயருக்கு லேயர் காசு கேக்காத. கண்ணுக்குத் தெரியாததுக்கெல்லாம் நான் குடுக்க மாட்டேன்" என்று முதல் நாளே பேசி முடித்திருந்தார் ஜெகநாதன்.

படம் முடிந்த பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. தேவகன்னியின் பார்வை போகும் பக்கத்தில் ராஜவேலுவின் பட்டுக்கடை இருந்தது. தன் காசில் பிறந்தவள் பக்கத்துக் கடைக்காரனைப் பார்த்துச் சிரிப்பதா?

"திருப்புடா அவள!"

ஒரே அமுக்கு. படம் இடம் வலமாகத் திரும்பியது. காசு கொட்டிய வலக்கை இடக்கையானது, கடிவாளம் பிடித்த இடக்கை வலக்கையானது. முந்தானை வலத்தோளுக்குப் போய், தேவகன்னி சேட்டு வீட்டம்மாளாக நின்றாள்.

"சரியா மாத்தி வரையணும்னா ரெண்டு நாளு ஆவும்."

"ரெண்டு நாளா? சாயங்காலம் வேலூருக்கு அனுப்பி பிளெக்ஸ் அடிக்கணும்பா. ஜல்தியா இன்னொரு வலது கை போட்டு அதுல காசு கொட்ட வுடு."

"கடிவாளம் புடிச்ச பழைய கைய அழிச்சிடவா?"

"எதுக்கு அழிக்கற? காசு குடுத்து போட்ட கை அது. இடது கையில ஒரு தாமரப் பூவக் குடு, புடிச்சிகினு நிக்கட்டும்."

"மூணு கை ஆயிடுதே மொதலாளி."

ஜெகநாதன் தாடையைத் தடவினார். கணக்கு இடித்தது. "அப்போ இன்னொண்ணு போட்டு ஜோடியாக்கு. நாலாவது கை இனாம், இப்பவே சொல்லிட்டேன்."

நாலு கையும் சேர்ந்து முந்தானைக் குளறுபடியை மறைத்தன. எவ்வளவு லாபம் என்று ஜெகநாதன் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

பேனர் ஏறிய அன்று காலை, வாசலில் பூ விற்கும் பச்சையம்மாள் அண்ணாந்து பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். ஒரு முழம் மல்லியைப் பேனர் மூங்கிலில் சுற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அது தேவகன்னிம்மா, அம்மன் இல்ல" என்றார் ஜெகநாதன்.

"நாலு கையி இருக்குது, குதிர வாகனம் இருக்குது. உங்களுக்குத் தெரியல, அவ்ளோதான்" என்றாள் பச்சையம்மாள்.

வெள்ளிக்கிழமைக்குள் கற்பூரம் வந்துவிட்டது. எலுமிச்சை வந்தது. ஆடி மாசம் வேறு. எங்கிருந்தோ ஒரு கூழ் அண்டாவும் வந்தது. கும்பிட்ட கூட்டம் ஜெகநாதன் கடைப்படி ஏறாமல் நேராக ராஜவேலு கடைக்குள் போனது. காரணம் தெரிந்துகொள்ள அவர், செய்யாறு கம்பெனி வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு பெண்ணை மடக்கினார்.

"ஏம்மா, இங்க கும்புட்டுட்டு அங்க போய் வாங்கறீங்களே, நியாயமா?"

"அம்மன வெச்சிகினு எப்படிங்க பேரம் பேசறது? நீங்க சொல்றதும் பொய்யி, நாங்க கேக்கறதும் பொய்யி. பாவம் வந்து சேராதா?"

பேரம் பேசாமல் ஆரணியில் புடவை வாங்குவது உப்பில்லாத கூழ் குடிப்பது மாதிரி. ஜெகநாதனுக்கு அவள் கட்சி நன்றாகவே புரிந்தது. நேராகத் தீனாவிடம் ஓடினார்.

"அந்த ரெண்டு கையையும் எடுத்துடு. வேற பேனர் அடி."

புதுப் பேனர் ஏறியது. இரண்டே கை. பச்சையம்மாள் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயையோ! ஆத்தா கோவத்துல ரெண்டு கைய உள்ள இழுத்துகினாளே!"

கூட்டம் இரண்டு மடங்கானது. ஒருவருக்குச் சாமி வந்தது. பயந்துபோன ஜெகநாதன் பழைய நாலு கைப் பேனரையே திரும்பக் கட்டி, யார் கண்ணிலும் படாமலிருக்க அதன்மேல் ஒரு திரையைத் தொங்கவிட்டார். திரை தொங்கினால் உள்ளே அலங்காரம் நடக்கிறது என்றுதானே அர்த்தம்? திரை எப்போது விலகும் என்று ஜனங்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"பேஜாராப் போச்சுப்பா தீனா. தப்பு பண்ணா பின்னாடி போறதுக்கு ஏதோ பட்டன் இருக்குதுன்னியே!"

"அது கம்ப்யூட்டர்ல இருக்குது மொதலாளி. தெருவுல இல்ல."

ஆனால் ஜெகநாதன் பேரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். விற்காத சரக்கை அடுத்தவர் தலையில் கட்டத் தெரியாதவரா? மறுநாள் பம்பைக்காரரை வரவழைத்தார். பேனரைக் கழற்றி, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, ஊர் பார்க்க ஊர்வலமாக எடுத்துப்போய் ராஜவேலு முன்னால் நிறுத்தினார்.

"ராத்திரி கனவுல வந்தாப்பா. 'ராஜவேலு கடைக்குத்தான் போவேன்'னு ஒரே அடம்."

ராஜவேலு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பம்பை முழங்கியது. பச்சையம்மாள் அவர் நெற்றியில் குங்குமத்தை அப்பினாள். அதற்குமேல் எந்த வியாபாரியால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? பேனரைக் கடைக்குள்ளேயே கல்லாவுக்கு மேலே மாட்டிக்கொண்டார்.

"கடைக்குள்ளவே கோயில கட்டிகினான் பாரு!" என்று ஜெகநாதன் தீனாவின் முதுகில் தட்டினார்.

கணக்கு தப்பவில்லை. அன்றைக்கே அவர் கடையில் ஜனம் ஏறியது. பேரம் என்றால் பேரம், பத்துப் புடவையைப் பிரித்துப் போட்டு ஒன்றைப் பாதி விலைக்குக் கேட்டார்கள். தொண்டை வறள வறளப் பேசி, ஜரிகை நூல் அளவு லாபத்துக்கு அவரும் விற்றார். அதனால் என்ன, வியாபாரம் வியாபாரம்தானே! நடுவில் எட்டிப் பார்த்தார். ராஜவேலு கடை வாசலில் செருப்பு மலைபோலக் குவிந்திருந்தது. பாவம், கும்பிட வந்த கூட்டம்.

சாயங்காலம் அவர் மனைவி அபிதகுசாம்பாள் கடைக்கு வந்தாள். கீரைக்காரியே கண்டால் வேறு தெருவில் திரும்பிப் போகிற அளவுக்குப் பேரக்காரி. அவள் கையில் ராஜவேலு கடைப் பை.

ஜெகநாதன் வெடுக்கென்று பிடுங்கிப் பிரித்தார். முள்ளிப்பட்டு கிராமத்து நெசவாளர் சரக்கு, அதே தறியில் நெய்த அதே புடவை அவர் அலமாரியிலும் இருந்தது.

"இது இன்னா வெலைக்கு வாங்குன?"

அவள் சொன்னாள். அவர் வாய் கூசாமல் சொல்லக்கூடிய விலையைப் போல அது இரண்டு மடங்கு.

"உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? பேசிக் கொறைக்கறதுக்கு இன்னா?"

அபிதகுசாம்பாள் புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னாள்:

"ஏங்க, 'அம்மன் வெச்ச ஒரே வெல'ன்னு ராஜவேலு அண்ணன் சொன்னதும் அத்தினி ஜனமும் கன்னத்துல போட்டுகினு கேட்டத எடுத்துக் குடுக்குது, நான் மட்டும் வாயத் தொறக்க முடியுமா?"