சோலாஞ்சுக்காக வைத்திருந்த பாட்டில்

தக்கை பாதியில் ஒடிந்து பாட்டிலுக்குள் விழுந்தபோது மணி பத்து. பன்னிரண்டரைக்கு சோலாஞ்ச் வந்துவிடுவாள்.

ஃபிர்மினுக்கு வியர்த்துவிட்டது. 1998ஆம் வருஷத்துச் சிவப்பு ஒயினில் மிச்சமிருந்தது இந்த ஒரே பாட்டில்தான். அந்த வருஷ அறுவடையில், நிற்கவே கால் நடுங்கும் சரிவில், அவனுக்குப் பக்கத்து வரிசையில் திராட்சை வெட்டியவள் சோலாஞ்ச். சொல்ல வேண்டியதை அடுத்த அறுவடையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான். அதற்குள் லியோன் நகரத்திலிருந்து ஒருத்தன் வந்து அவளைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

அந்தக் கணவனும் செத்து நாலு வருஷமான பிறகு இப்போது அவளிடமிருந்து ஒரு கடிதம். "உன் மலை ஒயினைக் குடிக்கணும் போல இருக்கு. ஞாயிற்றுக்கிழமை அக்காவோட வரேன்." படித்துப் படித்துக் காகிதம் மடிப்பில் கிழிந்தே விட்டது. அந்த வாசம் அவள் மூக்கில் ஏறினால் போதும், அந்தச் செப்டம்பரே திரும்பி வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

தக்கைத் தூளைச் சமையலறைத் துணியில் வடிகட்டினான். பிறகுதான் உறைத்தது, அது நேற்றுப் பூண்டு துடைத்த துணி. வேலிக்கு அந்தப் பக்கம் கொடிகளுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்து ஒக்தாவைக் கூப்பிட்டான்.

"பூண்டு அடிக்குதா பாரு."

ஒக்தாவ் ஒரு கிளாஸ் நிறையக் குடித்தான். "தெரியலையே."

"என்னடா தெரியலை?"

"ஒரு கிளாஸ்ல எப்படிடா தெரியும்? இன்னொண்ணு ஊத்து."

மூன்றாவது கிளாஸில் பூண்டு இல்லை என்று தீர்ப்பு வந்தது. பாட்டிலில் ஒயினும் அவ்வளவாக இல்லை.

பீப்பாயில் ஒரு விரல் குறைந்தாலே மேலே ஊற்றி நிரப்பிவிடுவார்கள் அந்த மலைக்காரர்கள். காற்றுப் பட்டால் ஒயின் கெட்டுவிடும். யோசிக்கும் முன்பே ஃபிர்மினின் கை போன வருஷத்து ஒயினை எடுத்து நிரப்பிவிட்டது. ருசி பார்த்தான். நாக்கைப் பிறாண்டியது.

"பழசு சேர்த்தா அடங்கும். எங்கிட்ட 2009 இருக்கு" என்றான் ஒக்தாவ்.

சேர்க்க இடம் வேண்டுமே? ஆளுக்கொரு கிளாஸ் குடித்து இடம் பண்ணினார்கள். ருசி கனத்துப் போகவே மறுபடியும் இடம் பண்ணிப் புதுசை ஊற்றினார்கள். பன்னிரண்டு மணிக்குப் பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. அதில் 1998 ஒரு ஸ்பூன் இருந்தால் அதிகம்.

"உண்மையைச் சொல்லிடவா?"

"இத்தனை வருஷம் வாயைத் திறக்கலை. இன்னிக்குப் போய்த் திறக்கப் போறியாக்கும்!"

சோலாஞ்ச் தன் அக்கா ஜினெத்தோடு மூச்சு வாங்க மேடேறி வந்தாள். தலை நரைத்திருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது. ஃபிர்மின் ஒரு கிளாஸ் ஊற்றி அவளிடம் நீட்டினான். அவள் கிளாஸை மோந்து, கண்ணை மூடி ஒரு வாய் குடித்தாள். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"அதே ருசி, ஃபிர்மின். கொஞ்சம்கூட மாறலை."

அவனால் அங்கே நிற்க முடியவில்லை. பாலாடைக்கட்டி எடுக்கும் சாக்கில் சமையலறைக்கு ஓடினான். உதவிக்கு வந்த ஜினெத்திடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"அது அந்த ஒயினே இல்லக்கா. அவளை ஏமாத்திட்டேன்."

ஜினெத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி வந்த காய்ச்சல்ல அவளுக்கு வாசமும் ருசியும் சுத்தமாப் போயிடுச்சு தம்பி. அப்புறம் எதுக்குடி அவ்வளவு தூரம்னு கேட்டா, ஒரு வாரமா எந்தக் கவுன் போடறதுன்னு கண்ணாடி முன்னாடியே நிக்கறா!"