கூப்பன் வெட்டிய மனேச்சர்

ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து வாங்கிக்கொண்டு அதற்கு ரசீது எழுதிக் கொடுத்த மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். ஜெர்மனியில் நாங்கள் இருந்த எர்லாங்கன் நகரில் அவருக்கு மனேச்சர் என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது அவருடைய மனைவிக்கும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் மட்டும் தேவைப்பட்டது.

எங்கள் மகளுக்கு அவர் எழுதிய முதல் ரசீது எனக்கு இன்னும் வரிக்கு வரி மனப்பாடம். "நிலா – ஒன்று. நிலை: அழுகை. உடன் வந்தவை: பால் போத்தல், முயல் பொம்மை (ஒரு காது இல்லை)." கீழே கையெழுத்து. சாயங்காலம் இந்த ரசீதைத் திருப்பிக் கொடுத்தால்தான் பிள்ளை கைக்கு வரும். ஒரு நாள் நான் அதை வீட்டு மேசையில் வைத்துவிட்டு, ஆபீசிலிருந்து நேராக சைக்கிளில் போய் நின்றேன்.

"என்ன அண்ணே, என்னைத் தெரியலையா? தினமும் வர்றேனே!"

"உங்களை வடிவாத் தெரியும் தம்பி. ரசீது எங்கை?"

"வீட்ல இருக்கு. நாளைக்குக் கொண்டு வந்து கொடுத்துடறேன்."

"அப்ப பிள்ளையையும் நாளைக்குத் தாறன்."

வெளியே பனியும் மழையும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்குப் போய் ரசீதை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். என் மகள் அவர் தோளில் உட்கார்ந்து ரஸ்க் தின்றபடி, யாரோ தெருவில் போகிறவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

இந்த ரசீதுப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். மனேச்சர் யாழ்ப்பாணத்தில் சங்கக்கடை மேனேஜராக இருந்தவர். சங்கக்கடை என்றால் நம்மூர் ரேஷன் கடை மாதிரி. அரசாங்கம் தரும் கூப்பனைக் கொண்டு போனால் அரிசி, மா, சீனி தருவார்கள். சண்டை வந்தது, கடை போனது, மனேச்சர் அகதியாக ஜெர்மனிக்கு வந்தார். ஓர் உணவகத்தில் இடுப்பு ஒடியும்வரை பாத்திரம் கழுவினார். இடுப்பு நிஜமாகவே ஒடிந்ததும் வீட்டில் உட்கார்ந்தார். மனைவி பரமேஸ் அக்கா முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனார். அப்போது பக்கத்து வீட்டு ஜெர்மன்காரி ஓர் அவசரத்துக்குத் தன் மகனை இவரிடம் விட்டுவிட்டுப் போனாள். மாலையில் அந்தப் பையன் வீட்டுக்கு வரமாட்டேன் என்று அழுதான். தாய்க்கு அதில் மனத்தாங்கல்தான், ஆனாலும் மறுநாளும் கொண்டு வந்து விட்டாள். அந்தப் பையன் தன் தாயிடம் "ஏலாது" என்று யாழ்ப்பாணத் தமிழில் மறுத்துப் பேசியதை நானே என் காதால் கேட்டிருக்கிறேன்.

நாங்கள் மனேச்சரிடம் போய்ச் சேர்ந்தது இரண்டாயிரத்து ஏழு வாக்கில். என் மனைவி மாலதி கோயம்புத்தூரில் எஞ்சினியராக இருந்தவள். என்னோடு ஜெர்மனிக்கு வந்து, வருஷக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்து, ஜெர்மன் படித்து, ஒருவழியாக ஒரு கம்பெனியில் வேலை வாங்கினாள். அந்தக் கடிதம் வந்த அன்று அவள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. அவள் அதை அணைக்கவில்லை, கடிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கம்பெனி ஒரு சலுகையும் தந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவுக்கு மாதாமாதம் ஒரு குட்ஷைன், அதாவது சீட்டு. அதைப் பிள்ளை பார்ப்பவரிடம் கொடுத்தால், அவர் சீட்டு அச்சடித்த நிறுவனத்துக்கு அனுப்பித் தன் வங்கிக் கணக்கில் பணமாக வாங்கிக்கொள்ளலாம். நிபந்தனை இரண்டு. பிள்ளை பார்ப்பவர் இளையோர் நல அலுவலகத்தில் அனுமதி பெற்று, அந்த நிறுவனத்தில் பதிந்திருக்க வேண்டும். பிள்ளையை எங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, வெளியேதான் பார்க்க வேண்டும்.

வெளியே என்றால் எங்கே? காப்பகத்தில் இடம் கேட்டோம். நிலா பள்ளிக்கூடம் போகிற வயதில் கிடைக்கலாம் என்றார்கள். அனுமதி பெற்ற மூன்று பெண்களிடம் விட்டுப் பார்த்தோம். நிலா எங்கே விட்டாலும் ஊரைக் கூட்டினாள். மூன்றாவது பெண்மணி மத்தியானமே பிள்ளையைக் கொண்டு வந்து, தன் நாய் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று மிகுந்த மரியாதையோடு சொன்னாள்.

அன்று மாலை நிலா பூங்காவில் கத்திக்கொண்டிருந்தபோதுதான் மனேச்சர் எதிரே வந்தார். முழுக்கைச் சட்டை, டை, பையில் இரண்டு பேனா, முன்னால் ஒரு தள்ளுவண்டி. அதில் அந்த ஜெர்மன் பையன் ஒரு குமாஸ்தாவின் அமைதியோடு உட்கார்ந்திருந்தான்.

"ஏன் பிள்ளை கத்துது?"

"யார்கிட்டயும் போகமாட்டேங்கிறா அண்ணே" என்றாள் மாலதி.

"நான் இன்னும் கூப்பிடேல்லையே."

அதற்குப் பிறகும் அவர் கூப்பிடவில்லை. நிலாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கொஞ்ச நேரத்தில் கத்தல் நின்றது. நிலா தத்தித் தத்திப் போய் அவர் பக்கத்தில் நின்று கையை நீட்டினாள். அவர் ஒரு பேனாவைக் கொடுத்தார். மாலதி அங்கேயே அவரிடம் விஷயத்தைச் சொல்லி, சம்பளம் என்ன என்று கேட்டுவிட்டாள்.

"காசோ? பிள்ளையைத் தூக்கி வைச்சிருக்கிறதுக்கு ஆரும் காசு வாங்குவினமோ? அது எனக்கு ஏலாது பிள்ளை."

பக்கத்து வீட்டுக்காரியிடம்கூட அவர் உருளைக்கிழங்கும் முட்டையும்தான் வாங்கினாராம். மாலதியின் முகம் விழுந்துவிட்டது. கம்பெனி காசு தராது, குட்ஷைன்தான் தரும் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மனேச்சரின் ஒடிந்த இடுப்பு மெல்ல நிமிர்ந்தது.

"குட்ஷைன் எண்டால்... கூப்பனோ?"

"அப்படியும் சொல்லலாம் அண்ணே."

"கூப்பன் எண்டால் அது வேற கதை. கூப்பன் நான் எடுப்பன்."

பிறகு அனுமதி வாங்கும் படலம். வகுப்புக்குப் போனார், அங்கே அத்தனை பேரும் பெண்கள். முதலுதவிப் பாடத்தில், தொண்டையில் ஏதோ சிக்கிய குழந்தையாக ஒரு பொம்மையைக் கொடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டார்களாம். எல்லாரும் பொம்மையைக் குப்புறக் கிடத்தி முதுகில் தட்டினார்கள். மனேச்சரும் தட்டினார். தட்டி முடித்த பிறகு பொம்மையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வகுப்பு முடியும்வரை கீழே வைக்கவில்லை. "பயந்துபோன பிள்ளையை உடனை இறக்கிறதோ?" என்று டீச்சரிடமே கேட்டிருக்கிறார்.

வீட்டைச் சோதிக்க ஓர் அதிகாரி அம்மாள் வந்தார். எட்டரைக்கு டெர்மின், அதாவது முன்பே குறித்த நேரம். அவர் கொஞ்சம் முன்னதாகவே வந்து மணியடித்துவிட்டார். மனேச்சர் கதவுக்குப் பின்னால் டையைக் கட்டிக்கொண்டு நின்றார், திறக்கவில்லை. "இஞ்சாருங்கோ, அந்த மனிசி குளிருக்கை நிக்குது" என்று பரமேஸ் அக்கா கெஞ்சினார். "கடை எட்டரைக்குத்தான் திறக்கும்" என்றார் மனேச்சர். எட்டரைக்குக் கதவு திறந்தது. அனுமதி போயிற்று என்று எங்களையெல்லாம் நினைக்க வைத்த இந்தச் செய்தி அந்த அம்மாளுக்கு மட்டும் பிடித்துப்போயிற்று. ஒரு பிள்ளைக்காப்பாளருக்கு இதைவிட வேறு தகுதி வேண்டுமா என்கிற மாதிரி அனுமதி கொடுத்துவிட்டார்.

மாலதி வேலைக்குப் போகத் தொடங்கினாள். மாத முதல் தேதி குட்ஷைனை மனேச்சரிடம் கொடுப்பதே ஒரு வைபவம். அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வருவார். சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்து, எங்கள் கண் முன்னாலேயே வலது பக்க மூலையைக் கறாராக வெட்டுவார். வெட்டிய துண்டு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போகும்.

"இதை ஏன் அண்ணே வெட்டறீங்க?"

"வெட்டாட்டி ஆரும் ரெண்டாந்தரம் பாவிச்சுப் போடுவினம். கூப்பன் எண்டால் வெட்டத்தான் வேணும்."

இத்தனை கறாரான மனிதர் வெட்டினால் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்கள் கேள்வி கேட்கவில்லை.

கறார் என்றால் சாதாரணக் கறார் இல்லை. நிலாவின் இரண்டாவது பிறந்தநாளுக்கு அவரையும் அக்காவையும் வீட்டுக்கு அழைத்தோம். கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோன நிலா, அழுதுகொண்டே நேரே மனேச்சரிடம் ஓடிக் கையைத் தூக்கினாள். மனேச்சர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு சோபாவில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது.

"தூக்குங்க அண்ணே, பாவம்."

"ஏலாது தம்பி. உங்கடை வீட்டிலை நான் பிள்ளை பாக்கக் கூடாது எண்டு கூப்பனிலை இருக்கு. வெளியிலை மட்டும்தான்."

"அது சும்மா விருந்துக்கு வந்தா கணக்கில்ல அண்ணே!"

"சட்டம் விருந்துக்கும் சட்டம்தான்."

நிலா அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிமை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. கேக் வெட்டுவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்.

மனேச்சர் குட்ஷைன்களை மாதாமாதம் அனுப்பவில்லை. சங்கக்கடை வழக்கப்படி சேர்த்து வைத்து ஒரு கட்டாகத்தான் அனுப்புவார். முதல் கட்டு போன வேகத்தில் திரும்பி வந்தது. சீட்டின் இலக்கம் வலது பக்க மூலையில்தான் அச்சாகியிருந்ததாம். மூலை இல்லாத சீட்டு செல்லாது. சேதமான சீட்டுகள் வந்ததற்கு விளக்கம் வேண்டும், அதுவரை இவருடைய பதிவு நிறுத்தி வைக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது.

மறுநாள் காலை நாங்கள் போனபோது மனேச்சர் டை கட்டியிருக்கவில்லை. அதைப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது.

"பிள்ளை, நான் கடையைப் பூட்டுறன்" என்றார் மாலதியிடம். "கூப்பன் திரும்பி வந்தால் மனேச்சர் எழும்பிப் போகவேணும். அதுதான் முறை."

"அண்ணே, காசா வாங்கிக்குங்க. நாங்க எப்படியாவது கொடுத்துடறோம்."

"காசு வாங்கிறதெண்டால் நான் எப்பவோ வாங்கியிருப்பன்."

மாலதிக்கு வேலையில் இன்னும் சோதனைக் காலம் முடியவில்லை. ஒரு நாள் லீவு கேட்கவே பயந்துகொண்டிருந்தவள். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே வாசலில் உட்கார்ந்து அழுதாள். "நீங்க கடையைப் பூட்டினா நான் வேலைய விடணும் அண்ணே. இவ வேற யார்கிட்டயும் இருக்கமாட்டா. எனக்கு இன்னொரு வாட்டி வேலை கிடைக்காது" என்றாள். மனேச்சர் அவள் பையை எடுத்து அவள் மடியில் வைத்தார். பிறகு உள்ளே போய் டையைக் கட்டிக்கொண்டு, பிஸ்கட் டின்னோடு வந்தார்.

"தம்பி, வெளிக்கிடுங்கோ. நியூரம்பெர்க் போவம்."

அன்று அக்காவுக்கு ஓய்வு நாள், பிள்ளைகளை அவர் பார்த்துக்கொண்டார். நியூரம்பெர்க்கில் சீட்டு நிறுவனத்தின் அலுவலகத்தில் எங்களுக்கு வாய்த்தவர், ஓய்வு பெறப்போகிற வயதுள்ள வெள்ளைப் புருவக்காரர். மனேச்சர் டின்னைத் திறந்து, மூலைத் துண்டுகளை மேசையில் வரிசையாக அடுக்கினார். அந்தந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் அந்தந்த மூலை. ஒவ்வொன்றின் பின்னாலும் பிள்ளையின் பெயர் இருந்தது.

"ஏன் வெட்டினீர்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

மனேச்சர் தம் ஜெர்மனில் சங்கக்கடையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். நான் நடுவில் புகுந்து நல்ல ஜெர்மனில் சொல்லப் பார்த்தேன். இருவருமே என்னைக் கவனிக்கவில்லை. பெரியவர் ஒரு துண்டை எடுத்து வெட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். போர் முடிந்த புதிதில் தன் தாய் மளிகைக் கடையில் வேலை பார்த்ததாகச் சொன்னார். ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் சீட்டுதான். தாய் பகலெல்லாம் வெட்டிக்கொண்டு வருவாராம். வீட்டில் பிள்ளைகள் உட்கார்ந்து அந்தத் துண்டுகளைத் தாளில் ஒட்டுவார்களாம்.

"மாப் பசையோ?" என்று கேட்டார் மனேச்சர்.

"மாவு ஏது? உருளைக்கிழங்குப் பசை" என்றார் பெரியவர்.

இழுப்பறையிலிருந்து ஒரு பசைக்குச்சி வெளியே வந்தது. ஜெர்மனி தேசத்து அதிகாரி ஒருவரும் யாழ்ப்பாணத்து மனேச்சர் ஒருவரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து மூலைகளை ஒட்டினார்கள். ஒட்டி முடித்ததும் பெரியவர் எல்லாவற்றிலும் முத்திரை குத்தினார். பதிவும் திரும்பக் கிடைத்தது. இனிமேல் வெட்டவே கூடாது என்றதும்தான் மனேச்சரின் முகம் தொங்கிப்போனது. வெட்டாத கூப்பனை எப்படி நம்புவது என்று கேட்டார். பெரியவர் நன்றாக யோசித்து, வேண்டுமானால் சீட்டு வைத்த கவரை வெட்டிக்கொள்ளுங்கள் என்றார்.

ரயிலில் திரும்பும்போது மனேச்சர் வெறும் டின்னை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எர்லாங்கன் வந்ததும் சொன்னார்: "அந்த மனிசன் நல்ல மனேச்சர்." அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை. அடுத்த முதல் தேதியிலிருந்து கவரின் வலது மூலையைக் கறாராக வெட்டினார்.

மாலதியின் சோதனைக் காலம் முடிந்து வேலை நிரந்தரமானது. நிலாவுக்கு மூன்று வயதாகப்போகிற நேரத்தில் மழலையர் பள்ளியில் இடம் கிடைத்தது. கடைசி நாள் மாலை நான் ரசீதைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். மனேச்சர் ரசீதைக் குறுக்கே கோடு போட்டு என்னிடமே கொடுத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த ஞாயிறு மூன்றாவது பிறந்தநாள். வரமாட்டார் என்றே நினைத்தோம். அக்காவோடு வந்தார், டை இல்லாமல். அதே சோபாவில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நிலா ஓடி வந்து அவர் முன்னால் நின்று கையைத் தூக்கினாள். மனேச்சர் அவளைப் பார்க்காமல் மாலதியைப் பார்த்தார்.

"பிள்ளை, இனிக் கூப்பன் இல்லைத்தானே?"

"இல்ல அண்ணே. முடிஞ்சுது."

"அப்ப இது கடை இல்லை."

கைகளை வெளியே எடுத்து அவளைத் தூக்கிக்கொண்டார். கேக் வெட்டியபோதும் இறக்கவில்லை, நாங்கள் சாப்பிட்டபோதும் இறக்கவில்லை. "இடுப்பு நோகப்போகுது, இறக்கி விடுங்கோவன்" என்றார் அக்கா.

"பொறும். இது எனக்குச் சும்மா கிடைச்சது" என்றார் மனேச்சர்.

அவர் தோளிலேயே நிலா தூங்கிப்போனாள். புறப்படும் நேரம் வந்தபோது அவளை என் கையில் கொடுத்தார். ரசீது கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று எனக்கு இருந்தது. ரசீதை ஆபீசில் வைத்துவிட்டேன், நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி, பிள்ளையை இன்னொரு நாள் அவரிடமே விட்டு வைத்திருப்பேன்.